தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தாலும் பிள்ளையைக் காப்பாற்றலாம்! வேளைக்குச் சாப்பாடு, தினம் ஒரு மாத்திரை: ஷிப்டு வேலைப் பெண்கள் தெரிந்து கொள்ள வேண்டியவை

சுங்குவார்சத்திரம்,-

எச்.ஐ.வி. கிருமி உள்ள பெண் கர்ப்பமானால், பிறக்கிற பிள்ளைக்கும் அது வந்தே தீரும் என்று இன்னமும் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அது தவறு.

சிகிச்சையே இல்லாமல் விட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்குக் கிருமி தொற்றும். தாயும் மாத்திரை சாப்பிட்டு, குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்கி விடும். இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கர்ப்பத்துக்கு முன்பே மாத்திரையை ஆரம்பித்து, ரத்தத்தில் கிருமியை நன்றாக அடக்கி வைத்திருக்கும் தாய்மாருக்குப் பிரசவத்தில் அந்த ஆபத்து நூற்றுக்கு ஒன்று கூட இல்லை.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் பரிசோதனை இலவசம். மாத்திரை இலவசம். குழந்தைக்கு மருந்தும் இலவசம்.

அப்படியானால் கோளாறு எங்கே வருகிறது? மருந்தில் இல்லை. வேளை கெட்ட சாப்பாட்டில், ஷிப்டு மாறும்போது விட்டுப் போகும் மாத்திரையில், 'யாருக்காவது தெரிஞ்சுடுமே' என்ற பயத்தில்தான் வருகிறது.

பஸ் பஸ்சாக வரும் பெண்கள்

சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சீபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது சுங்குவார்சத்திரம். வாலாஜாபாத் ரோடு பிரிகிற இடம். ஊர்ப் பேரிலேயே சத்திரம் இருக்கிறது. இன்று இந்த வட்டாரத்துக்கு வந்து தங்குகிறவர்கள் வழிப்போக்கர்கள் அல்ல. செல்போன், டி.வி., பிரிட்ஜ், கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள்.

ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம் என்று சுற்றிலும் கம்பெனிகள். ஷிப்டு முடிகிற நேரத்தில் கழுத்தில் அடையாள அட்டையோடு பெண்கள் பஸ் பஸ்சாக வந்து இறங்குகிறார்கள். வெளி மாவட்டத்துப் பெண்கள், வெளி மாநிலத்துப் பெண்கள். ஒரு அறையில் நாலு பேர், ஆறு பேர் என்று தங்குகிறார்கள். கல்யாணம் ஆனவர்கள் சின்னதாக வீடு பிடித்துக் குடித்தனம் நடத்துகிறார்கள்.

இவர்களுக்கெல்லாம் நோய் இருக்கிறது என்று யாரும் நினைத்து விடக் கூடாது. தமிழ்நாட்டில் பெரியவர்கள் ஆயிரம் பேரில் சுமார் இரண்டு பேருக்குத்தான் இந்தக் கிருமி உண்டு. ஆனால் அந்த இரண்டு பேரில் ஒருவர் கர்ப்பிணியாக இருந்தால், அவருக்கு ஷிப்டு வேலையும் இருந்தால், என்ன செய்ய வேண்டும் என்பதை அவரும் வீட்டாரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சாத்தூரில் நடந்தது என்ன?

தமிழ்நாட்டையே உலுக்கிய சம்பவம் ஒன்று 2018 டிசம்பரில் நடந்தது.

விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்கு நிறைமாதத்தை நெருங்கிய ஒரு கர்ப்பிணி வந்தார். அவருக்கு ரத்தசோகை. ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். சிவகாசி அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் இருந்து வந்த ரத்தம் ஏற்றப்பட்டது. அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது!

விஷயம் வெளியே வந்ததே ரத்தம் கொடுத்த வாலிபரால்தான். வெளிநாட்டு வேலைக்காக ரத்தப் பரிசோதனை செய்தபோதுதான் அவருக்குத் தன் நிலை தெரிந்தது. தான் கொடுத்த ரத்தம் யாருக்கும் போய் விடக் கூடாதே என்று பதறி, அவரே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகி விட்டது. மனம் உடைந்த அந்த வாலிபர் அந்த மாதமே உயிரை விட்டார்.

கர்ப்பிணிக்கு உடனே மாத்திரை ஆரம்பிக்கப்பட்டது. மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 2019 ஜனவரியில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கும் மருந்து கொடுத்தார்கள். பின்னர் பரிசோதித்ததில் குழந்தைக்குக் கிருமி இல்லை என்று தெரிந்தது.

அந்தப் பெண்ணுக்கு ரூ.25 லட்சம் நஷ்டஈடு வழங்க ஐகோர்ட்டு மதுரை கிளை 2019-ல் உத்தரவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மாத்திரை தொடங்கியது கடைசி மாதங்களில். அப்படியும் பிள்ளை தப்பியது. முதல் மூன்று மாதத்திலேயே தொடங்கினால் எவ்வளவு நல்லது! இரண்டாவது, அந்தப் பெண்ணை ரத்தம் ஏற்றும் நிலைக்குக் கொண்டு போனது ரத்தசோகை. தவறு அவர் மேல் துளியும் இல்லை. ஆனால் ரத்தசோகையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது என்பதற்கு இதை விட வேறு பாடம் வேண்டாம்.

கிருமி எப்படிப் போகிறது?

வயிற்றில் இருக்கும்போது, பிரசவ நேரத்தில், தாய்ப்பால் கொடுக்கும்போது - இந்த மூன்று கட்டத்தில்தான் தாயிடம் இருந்து பிள்ளைக்குக் கிருமி போக முடியும். ஒன்றாகச் சாப்பிடுவதால், ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பதால், ஒரே பாத்ரூமை உபயோகிப்பதால், கொசுக்கடியால் போகாது.

எச்.ஐ.வி. என்பது கிருமி. எய்ட்ஸ் என்பது அந்தக் கிருமி பல வருஷம் கவனிக்கப்படாமல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தின்று தீர்த்த பிறகு வரும் நிலை. மாத்திரை சாப்பிடுகிறவர் அந்த நிலைக்குப் போகாமலே வாழ்நாளை ஓட்டலாம்.

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே 1986-ல் நம் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன், அவரிடம் படித்த டாக்டர் நிர்மலா இருவரும் எடுத்த முயற்சியில் அது வெளிப்பட்டது. அப்போது மருந்தே கிடையாது. 2004-ல்தான் சர்க்கார் இலவசமாக மாத்திரை கொடுக்க ஆரம்பித்தது. தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி அப்போதே தொடங்கிய மையங்களில் ஒன்று.

அன்று கைப்பிடி மாத்திரை. இன்று மூன்று மருந்துகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே மாத்திரை. பெரும்பாலோருக்குத் தினம் ஒன்று போட்டால் போதும். கர்ப்பிணி என்றால் கிருமி இருப்பது தெரிந்த உடனே தொடங்கி விடுகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகும் நிறுத்தக் கூடாது. ஆயுசு முழுக்க வேண்டும்.

ரெட்டை உயிருக்கு என்ன சாப்பாடு?

கர்ப்பிணிக்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாகத் தேவை. கிருமி உள்ளவருக்கு உடம்பு அதோடு போராட வேண்டியிருப்பதால் இன்னும் 10 சதவீதம் போல சேர்த்துக் கொள்ள வேண்டும்.

கணக்கைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இரண்டு இட்லி, ஒரு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை. 350 கலோரி முடிந்தது. அதற்கு மேல் ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி, ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான்.

ஆப்பிள், பாதாம், டின் பவுடர் எல்லாம் வேண்டும் என்பது கடைக்காரன் கட்டிய கதை. சந்தையில் கிடைப்பதே போதும். அவை வருமாறு:-

ரத்தம் ஊற: முருங்கைக்கீரை, அரைக்கீரை, பேரீச்சம்பழம், எள்ளுருண்டை, பச்சைப்பயறு. கறி சாப்பிடுகிறவர்கள் ஆட்டுக்கறி, மீன் சேர்த்துக் கொள்ளலாம். கீரையோடு எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஒட்டும்.

எலும்புக்கு: கேழ்வரகுக்கு மிஞ்சியது இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. கூழ், களி, அடை எதுவானாலும் சரி. பால், தயிர், முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் நல்லது.

தசைக்கு: முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை சுண்டல், மீன். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு.

ஒரு எச்சரிக்கை. கம்பெனியில் டீ வரும் நேரமும் சாப்பாட்டு நேரமும் ஒட்டியே இருக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையில் உள்ள இரும்புச்சத்து வீண். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

காலையில் வாந்தி வருகிறதா? வயிறு நிறைய ஒரே தடவையில் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை சாப்பிடலாம். எழுந்ததும் பொட்டுக்கடலையோ, ரஸ்க்கோ இரண்டு வாய் போட்டுக் கொள்ளலாம். மாத்திரை போட்ட அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்து விட்டால் என்ன செய்வது என்று மையத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக் கொள்ள வேண்டும்.

ஹாஸ்டல் சாப்பாடு - உஷார்!

எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குக் கெட்டுப் போன சாப்பாடு சாதாரண வயிற்றுப்போக்கோடு நிற்காது. கர்ப்பிணி என்றால் ஆபத்து இரண்டு உயிருக்கு.

2021 டிசம்பரில் நடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. பாக்ஸ்கான் கம்பெனிப் பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டலில் சாப்பாடு ஒத்துக் கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். கொதித்துப் போன பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து விட்டார்கள். சென்னை - பெங்களூர் போக்குவரத்தே ஸ்தம்பித்தது. அதன் பிறகுதான் ஹாஸ்டல் சமையலறைகள் பக்கம் அதிகாரிகளின் பார்வை திரும்பியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது.

கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது:-

கொதித்து ஆறின தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பி எடுத்துப் போவது நல்லது. ஆப்-பாயில் முட்டை கூடாது, முழுக்க வெந்திருக்க வேண்டும். காய்ச்சாத பால் கூடாது. ரோட்டோரம் ஈ மொய்க்க வெட்டி வைத்த பழம், பானிபூரித் தண்ணீர் இரண்டும் வேண்டாம். முந்தின ஷிப்டுக்குக் கட்டி வைத்த பொட்டலத்தை அடுத்த ஷிப்டில் பிரித்துச் சாப்பிடக் கூடாது.

மாத்திரையோடு மாத்திரை மோதும்!

இது பலருக்குத் தெரியாத விஷயம்.

கர்ப்பிணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்புச்சத்து மாத்திரையும், சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் தருகிறார்கள். இரண்டும் அவசியம். ஆனால் இவற்றை எச்.ஐ.வி. மாத்திரையோடு வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால், எச்.ஐ.வி. மாத்திரை சரியாக வேலை செய்யாது. நெஞ்செரிச்சலுக்கு வாங்கும் மருந்தும் அப்படித்தான்.

வழி என்ன? இரும்பு, சுண்ணாம்பு மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்னால் எச்.ஐ.வி. மாத்திரையைப் போட வேண்டும். இல்லாவிட்டால் 6 மணி நேரம் கழித்துப் போட வேண்டும். சாப்பாட்டோடு என்றால் சேர்த்துப் போடலாம். நெஞ்செரிச்சல் மருந்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது, அதற்கு இடைவெளி கட்டாயம். இரும்பையும் சுண்ணாம்பையும் கூட ஒரே நேரத்தில் போடாமல் 2 மணி நேரமாவது தள்ளிப் போடுவது நல்லது. ஆளுக்கு ஆள் மருந்து மாறும் என்பதால், 'எதை எப்போ போடணும்' என்று டாக்டரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்கிக் கொள்வதே புத்திசாலித்தனம்.

ஷிப்டு மாறினால்? 'தூங்கப் போகும்போது போடுவேன்' என்று வைத்துக் கொண்டால் நைட் ஷிப்டு வாரத்தில் குழம்பி விடும். கடிகார நேரத்தை வைத்துக் கொள்ள வேண்டும். எந்த ஷிப்டிலும் கையில் மாத்திரை இருக்கக் கூடிய ஒரு நேரத்தைப் பார்த்து, செல்போனில் அலாரம் வைத்து விட்டால் தீர்ந்தது. அலாரத்துக்குப் பேர் வைக்க வேண்டியதில்லை. கேட்கிறவர்களுக்கு 'சத்து மாத்திரை' என்றால் போதும். கர்ப்பிணி மாத்திரை சாப்பிடுவதை யாரும் சந்தேகமாகப் பார்ப்பதில்லை.

தாய் வீட்டுக்குப் போகும்போது...

வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போவது நம் வழக்கம். மாத்திரை அறுந்து போகக் கூடிய இடமும் இதுதான். இங்கே வாங்கிய மாத்திரை தீர்ந்து விடும். அங்கே எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாது. அம்மாவிடம் சொல்லவும் கூச்சம்.

கிளம்பும் முன்பே சிகிச்சை மையத்தில் சொன்னால், ஊருக்குப் பக்கத்தில் உள்ள மையத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள். பிறந்த வீட்டுக்குப் புடவை எடுத்து வைக்கும்போதே மாத்திரை அட்டையையும், ஒரு மாத மாத்திரையையும் எடுத்து வைத்து விட வேண்டும்.

எட்டாவது மாதம் நெருங்கும்போது ரத்தத்தில் கிருமி அளவு எவ்வளவு என்று ஒரு பரிசோதனை உண்டு. அதை விட்டு விடக் கூடாது. குழந்தைக்கு எந்த மருந்து, எத்தனை வாரம் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

கிருமி இருப்பதாலேயே ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுக்க வேண்டும் என்பது இல்லை. சுகப்பிரசவம் ஆகலாம். ஆனால் ஆஸ்பத்திரியில்தான் ஆக வேண்டும்.

சேனை கூடாது, கழுதைப்பால் கூடாது

குழந்தை பிறந்ததும் மருந்து தொடங்குவார்கள். ஆபத்து குறைந்த குழந்தைக்கு 6 வாரம். ஆபத்து அதிகம் என்றால் அதற்கு மேல்.

மாத்திரை சாப்பிடும் தாய் முதல் 6 மாதம் தாய்ப்பால் கொடுக்கலாம். ஆனால் தாய்ப்பால் மட்டுமே! பாட்டிமார்கள் சேனை வைப்பதும், சர்க்கரைத் தண்ணீர் தருவதும், கழுதைப்பால் புகட்டுவதும், வசம்பு உரசி நாக்கில் தடவுவதும் கூடவே கூடாது. இவை குழந்தையின் குடலைப் புண்ணாக்கினால் அந்த வழியே கிருமி புகும். எந்தக் குழந்தைக்குமே இது ஆகாது. இந்தக் குழந்தைக்கு அறவே ஆகாது.

பவுடர் பால்தான் என்று டாக்டரோடு பேசி முடிவு செய்தால், அதை மட்டும் கொடுக்க வேண்டும். பாதி அது, பாதி இது என்பதுதான் மோசம்.

6-வது வாரம், 6-வது மாதம், ஒரு வயது, ஒன்றரை வயது என்று குழந்தைக்குப் பரிசோதனை நடக்கும். ஒன்றரை வயதுப் பரிசோதனைக்குப் பிறகுதான் முடிவாகச் சொல்வார்கள். 'முதல் டெஸ்டுல இல்லைன்னுட்டாங்களே' என்று நிறுத்தி விடக் கூடாது.

வேலை போய் விடுமா?

போகக் கூடாது. 2017-ல் வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி:-

கிருமி இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கக் கூடாது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. ஆஸ்பத்திரி சிகிச்சையை மறுக்கக் கூடாது. ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது. 100 பேருக்கு மேல் வேலை பார்க்கும் கம்பெனியில் இதற்கென்று ஒரு புகார் அதிகாரி இருக்க வேண்டும். கிருமி உள்ளவர்கள் மேல் வெறுப்பைக் கிளப்புகிறவருக்கு 3 மாதத்தில் இருந்து 2 வருஷம் வரை ஜெயில்.

இது தவிர, வேலைக்குப் போகும் தாய்மாருக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. ஏழைக் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தில் பணமும் சத்துப் பெட்டகமுமாக ரூ.18 ஆயிரம் கிடைக்கிறது. அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கிறது. ஆரம்பத்திலேயே பெயரைப் பதிவு செய்தால்தான் இதெல்லாம் ஒழுங்காக வந்து சேரும்.

போலிகளிடம் ஏமாறாதீர்

'எய்ட்ஸை அடியோடு ஒழிக்கிறேன்' என்று லேகியம் விற்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அப்படி விளம்பரம் செய்வதே சட்ட விரோதம். கிருமியை அடக்க மருந்து உண்டு. அடியோடு துடைத்தெறிய எல்லோருக்கும் ஆகிற மருந்து இன்னும் வரவில்லை. லேகியத்தை நம்பி மாத்திரையை நிறுத்தினால் அடங்கிக் கிடந்த கிருமி மறுபடி கிளம்பும். பணமும் போகும், பிள்ளைக்கும் ஆபத்து.

கணவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல குடும்பப் பெண்களுக்கு இந்தக் கிருமி வருவதே கணவர் மூலமாகத்தான். நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி அதைத் துணிந்து வெளியே சொன்னவர். 1998-ல் தன்னைப் போன்ற பெண்களுக்காக ஒரு சங்கமே தொடங்கினார். மனைவியை மட்டும் டெஸ்டுக்கு அனுப்பி விட்டு வெளியே நிற்பது ஆண்மை ஆகாது. கூடவே போய்த் தானும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்திலும், பால் கொடுக்கும் காலத்திலும் நிரோத் உபயோகிக்க வேண்டும்.

எங்கே போவது?

கர்ப்பம் என்று தெரிந்ததும் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, அரசு ஆஸ்பத்திரியிலோ பெயரைப் பதிவு செய்ய வேண்டும். மற்ற ரத்தப் பரிசோதனைகளோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் சம்மதம் கேட்டுச் செய்வார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று 'நம்பிக்கை மையம்' இருக்கிறது. அங்கே உள்ள ஆலோசகரிடம் எதையும் மனம் விட்டுப் பேசலாம். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மாத்திரை கொடுக்கும் மையங்கள் உண்டு.

நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது. பேரைச் சொல்ல வேண்டியதும் இல்லை.